1956 புல்லட் விற்பனைக்கு வந்துள்ளது: வாங்குவதற்கு முன் எதைப் பார்க்க வேண்டும்?

ஈசூன்_புல்லட்

அனைவருக்கும் வணக்கம். ஒரு பழைய மோட்டார்சைக்கிளை வாங்குவது பற்றி உங்கள் யோசனை தேவைப்படுகிறது. சென்ற வாரம் இணையத்தில் பார்த்த ஒரு விளம்பரம் என் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. 'ராயல் என்ஃபீல்டு புல்லட் 350, ஆண்டு 1956, இங்கிலாந்தின் ரெடிச் தொழிற்சாலையில் தயாரானது, சிங்கப்பூரில் கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ்ப் பதிவானது' என்று விற்பவர் எழுதியிருக்கிறார். கேட்கும் விலை 22,000 வெள்ளி. படங்களில் வண்டி நேற்றுக் கடையிலிருந்து இறக்கியதுபோல் மின்னுகிறது.

மணப்பாறையில் என் தந்தையிடம் ஒரு புல்லட் இருந்தது. காலையில் அவர் அதைக் கிளப்பும் முறையை நான் திண்ணையில் உட்கார்ந்து பார்ப்பேன். அம்மீட்டர் முள்ளின்மேல் கண்ணை வைத்துக்கொண்டு கிக்கரை மெல்ல அமுக்குவார். முள் நடுவுக்குத் திரும்பிய இடத்தில் நிறுத்தி, எஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தைத் தளர்த்தும் இடப்பக்கத்து டிகம்ப்ரஸர் பிடியை இழுத்து, கிக்கரை இன்னும் சற்று இறக்கிவிட்டு, காலை மேலே கொண்டுவந்து ஒரே உதை உதைப்பார். இரண்டாவது உதை தேவைப்பட்ட நாள்கள் மிகக் குறைவு. அந்த வண்டியை அக்காவின் திருமணச் செலவுக்காக விற்றுவிட்டோம். நான் சிங்கப்பூருக்கு வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன. இப்போது 400 சிசி வரையிலான வண்டிகளை ஓட்டும் 2ஏ உரிமம் இருக்கிறது, சேமிப்பும் ஓரளவு இருக்கிறது. இந்த வண்டி உண்மையிலேயே 1956ஆம் ஆண்டு ரெடிச் வண்டிதானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

பழைய_பட்டறைக்காரன்

தம்பி, முன்பணம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நான் முப்பது ஆண்டுகளுக்கு மேல் காக்கி புக்கிட் பகுதியில் வண்டி பழுதுபார்த்தவன்; இப்போது ஓய்வில் இருக்கிறேன். புல்லட்டைப் பொறுத்தவரை 'ரெடிச்' என்ற ஒரு சொல்தான் விலையை ஏற்றுகிறது. அதனால் அந்தச் சொல்லைத்தான் முதலில் சோதிக்க வேண்டும்.

1955இல் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கின. இந்திய ராணுவத்துக்கு வண்டி தேவைப்பட்டதே அதற்குப் பின்னணி. தொடக்கத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைச் சென்னையில் பூட்டினார்கள். பிறகு அச்சுகளும் கருவிகளும் திருவொற்றியூருக்கே வந்துவிட, பாகங்களையும் அங்கேயே செய்தார்கள். இங்கிலாந்தில் அந்த நிறுவனம் மூடப்பட்ட பிறகும் அதே 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் வீச்சும் கொண்ட 346 சிசி எஞ்சின், அதே நான்கு கியர் பெட்டி, நியூட்ரல் தேட உதவும் அதே சிறு நெம்புகோல், முன்விளக்கின் இருபுறமும் நம் ஊரில் 'டைகர் லேம்ப்' என்று சொல்லும் அதே சின்ன விளக்குகள் எல்லாம் திருவொற்றியூரில் பல பத்தாண்டுகள் தொடர்ந்து வந்தன. எனவே 1980களில் செய்த ஒரு சென்னை வண்டிக்குப் பழைய வண்ணமும் பழைய முத்திரையும் போட்டு 1956 என்று நிறுத்தினால், பத்தடி தூரத்திலிருந்து என்னாலும் கண்டுபிடிக்க முடியாது. சென்னை வண்டி தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. அதன் டேங்கின்மேல் உள்ள தங்கக் கோடுகளைக் கைத்தூரிகையால் ஒரே இழுப்பில் இழுக்கும் கைவண்ணத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் சென்னை வண்டியைச் சென்னை வண்டி என்று சொல்லி, அதற்குரிய விலைக்குத்தான் விற்க வேண்டும்.

எஞ்சின் எண்ணையும் சேசிஸ் (சட்டகம்) எண்ணையும் நேரில் பார்த்து, பக்கவாட்டில் டார்ச் வெளிச்சம் அடித்துப் படம் எடுங்கள். தொழிற்சாலை எண் ஒரே ஆழத்தில் அடிக்கப்பட்டிருக்க வேண்டும் என்றில்லை. கையால் அடித்த எண் சற்றுக் கோணலாகவும் இருக்கும். ஆனால் எண்களைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பு, பக்கத்தில் இருக்கும் வார்ப்பைப் போலவே பழையதாக இருக்க வேண்டும். அந்த இடம் மட்டும் தேய்த்து வழவழப்பாக இருந்தால் அங்கே வேறொரு எண் இருந்தது என்று பொருள். இங்கிலாந்தில் உள்ள ராயல் என்ஃபீல்டு உரிமையாளர் சங்கத்திடம் தொழிற்சாலைப் பேரேடுகளைப் பார்த்து வண்டியின் ஆண்டை உறுதிசெய்யும் வசதி இருக்கிறது. எண்களை அனுப்பிக் கேளுங்கள். அதற்கு விற்பவர் மறுப்பாரானால் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்து, நட்டுகளின் மூலைகளைப் பாருங்கள். இது யாரும் சொல்லித் தராத ஒன்று. அந்தக் காலத்து ஆங்கிலேய வண்டிகளில் விட்வொர்த் என்ற பழைய ஆங்கிலேய அங்குல அளவு ஸ்பேனர்தான் பொருந்தும். மில்லிமீட்டர் ஸ்பேனர் உட்கார்ந்ததுபோல் இருக்கும், திருகும்போது மூலையைச் சீவிவிடும். மூலைகள் உருண்டு கிடந்தால், அந்த எஞ்சினைப் பொறுமை இல்லாத ஒருவர் சரியான கருவி இல்லாமல் திறந்திருக்கிறார். பெயின்ட் எவ்வளவு பளபளத்தாலும் நட்டின் மூலை பொய் சொல்லாது.

கடைசியாக ஒன்று. நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும். முன்கூட்டியே சூடாக்கி வைத்தால், குளிர்ந்த நிலையில் வண்டி கிளம்ப மறுப்பதை மறைத்துவிடலாம். நீங்களே உதைத்துக் கிளப்பி, இருபது நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி உதையுங்கள். பேட்டரி இல்லாமலேயே தீப்பொறி தரும் மேக்னெட்டோ உள்ள பழைய வண்டிகளில் கன்டென்சரோ உள்சுருளோ கெட்டிருந்தால், குளிர்ந்திருக்கும்போது நன்றாக ஓடிவிட்டுச் சூடானபின் தீப்பொறி வராது. பெட்ரோல் நிலையத்தில் நிறுத்திய வண்டியை வீடுவரை தள்ளிக்கொண்டு போனவர்கள் இதை அறிவார்கள்.

தெம்பனிஸ்_டூஸ்ட்ரோக்

ஐயா சொன்னது வண்டியைப் பற்றி. நான் சட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். சிங்கப்பூரில் பழைய வண்டி வாங்குபவர் இவ்விரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

கிளாசிக் திட்டத்தில் சேர வண்டிக்கு முதல் பதிவு நாளிலிருந்து குறைந்தது 35 வயது ஆகியிருக்க வேண்டும். சேர்ந்த பிறகு ஆண்டுக்கு 45 நாள்கள் வரைதான் சாலையில் ஓட்டலாம். ஞாயிறு காலையில் சிராங்கூன் சாலைவரை போய்க் காப்பி குடித்துவிட்டுத் திரும்பினாலும் ஒரு நாள் கழிந்துவிடும். தினமும் வேலைக்கு ஓட்டிச் செல்லலாம் என்ற எண்ணம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

வழக்கமான வாகன உரிமைச் சான்றிதழோடு ஓடும் பழைய வண்டிகளையும் சிலர் 'அரிய வண்டி' என்று விற்கிறார்கள். அவற்றை வாங்குவோர் ஒரு தேதியை நினைவில் வைக்க வேண்டும். 2003 ஜூலை 1ஆம் தேதிக்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு நம் சாலைகளில் ஓட முடியாது. புகை, காற்றுத்தூய்மை காரணமாக 2018இலேயே இதை அறிவித்துவிட்டார்கள். கிளாசிக், விண்டேஜ் திட்டங்களில் உள்ள வண்டிகளுக்கு இந்தத் தடை இல்லை.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். 1993 ஜூன் மாதத்துக்குள் பதிவான வண்டிக்கு அந்தத் தேதிக்குள் 35 வயது நிறைந்துவிடும். உரிமையாளர் முயன்றால் கிளாசிக் திட்டத்துக்கு மாற்றிக் காப்பாற்றலாம். அதற்குப் பின், 2003க்குள் பதிவானவை நடுவில் மாட்டிக்கொள்கின்றன. என்னிடம் இருப்பது 1997இல் பதிவான ஹோண்டா என்எஸ்ஆர் 150. அந்தத் தேதியில் அதற்கு வயது 31. தேசியச் சேவை முடித்து முதல் சம்பளத்தில் தவணை கட்டி வாங்கிய வண்டி. என் மனைவியை முதன்முதலில் ஈஸ்ட் கோஸ்ட்டுக்கு அழைத்துச் சென்றதும் அதில்தான். நகரக் காற்று சுத்தமாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனாலும் இன்னும் நான்கே ஆண்டுகள் பொறுத்தால் அதுவும் 'கிளாசிக்' ஆகிவிடும் என்று நினைக்கும்போது மனம் ஆறவில்லை. இந்தப் பத்தாண்டு இடைவெளியில் பிறந்த என்எஸ்ஆர், டிஇசட்எம், ஆர்எக்ஸ்இசட் வண்டிகளை 'சேகரிப்பாளர்களுக்கான வாய்ப்பு' என்று யாராவது அதிக விலை சொன்னால், பதிவுத் தேதியைக் கேட்காமல் பதில் சொல்லாதீர்கள்.

உட்லண்ட்ஸ்_பயணி

இவ்வளவு சிரமம் எதற்கு? ஜொகூர் பாருவில் நல்ல பழைய வண்டிகள் மலிவாகக் கிடைக்கின்றன. அங்கேயே வாங்கி, மலேசியப் பதிவோடு வார இறுதியில் இங்கே ஓட்டி வரலாமே.

தெம்பனிஸ்_டூஸ்ட்ரோக்

அது கூடாது. சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவு கொண்ட வாகனத்தை இங்கே வைத்திருக்கவோ ஓட்டவோ அனுமதியில்லை. அங்கே வாங்கி அங்கேயே நிறுத்தி அங்கேயே ஓட்டுவது வேறு விஷயம். முறைப்படி இங்கே இறக்குமதி செய்வதானாலும், மூன்று வயதைக் கடந்த பழைய வண்டி 35 வயதை எட்டியிருந்தால்தான் உள்ளே வர முடியும்.

அப்பாவின்_பிஎஸ்ஏ

வணக்கம். நான் வாங்குபவள் அல்ல, விற்க வேண்டிய நிலையில் இருப்பவள். இந்த இழையைப் படித்தபின்தான் கேட்கும் துணிவு வந்தது.

என் அப்பா செம்பவாங் கடற்படைத் தளத்தில் ஃபிட்டராக வேலை பார்த்தார். 1971இல் பிரிட்டிஷ் படைகள் வெளியேறியபோது, ஊர் திரும்பிய ஒரு பொறியாளரிடமிருந்து 150 வெள்ளிக்கு ஒரு பிஎஸ்ஏ பி31 வண்டியை வாங்கினார். 1957ஆம் ஆண்டு வண்டி. பிற்காலத்தில் அதைக் கிளாசிக் திட்டத்துக்கு மாற்றினார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அப்பா காலமானார். வாரிசுரிமை ஆவணங்கள் முடிந்து வண்டி இப்போது அம்மாவின் பெயரில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் மோட்டார்சைக்கிள் உரிமம் இல்லை. அம்மாவுக்கு அந்தக் கித்தான் உறைக்குள் இருப்பதைக் கார்ப்பேட்டையில் கடந்துபோகும் ஒவ்வொரு முறையும் கண் கலங்குகிறது.

சென்ற மாதம் ஒரு வியாபாரி வந்து பார்த்தார். எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வேறுவேறாக இருப்பதால் இது இரண்டு வண்டிகளைச் சேர்த்துப் பூட்டியது என்றார். வேகமானியின் முள் சீராக ஏறாமல் துள்ளித் துள்ளி ஏறுவதால் அதுவும் பழுது என்றார். டேங்கில் வண்ணம் உரிந்திருப்பதைக் காட்டி, முழுவதும் புதிதாகச் செய்தால்தான் விற்க முடியும் என்று சொல்லி, 3,000 வெள்ளி தருவதாகக் கூறினார். அப்பா வேறு எஞ்சினை மாற்றியதாக எங்களிடம் சொன்னதே இல்லை. அவர் எங்களிடம் எதையும் மறைத்தவரும் அல்ல. அந்த வியாபாரி சொல்வது உண்மையா?

பழைய_பட்டறைக்காரன்

அம்மா, உங்கள் அப்பா எதையும் மறைக்கவில்லை. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

பர்மிங்ஹாமில் பிஎஸ்ஏ தொழிற்சாலை 1950களில் எஞ்சினுக்கு ஒரு எண், சேசிஸுக்கு வேறொரு எண் என்று தனித்தனி வரிசையில்தான் அடித்தது. 1960களின் நடுப்பகுதிக்குப் பிறகே இரண்டும் ஒன்றாயின. ஆக, 1957ஆம் ஆண்டு பி31 வண்டியில் இரண்டு எண்களும் ஒன்றாக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன். 'எண்கள் பொருந்த வேண்டும்' என்ற விதியை எல்லா வண்டிக்கும் மாட்டுபவர்களுக்கு வின்சென்ட் வண்டியை நினைவூட்ட வேண்டும்: அந்த இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் சேசிஸ் எண், எஞ்சின் எண்ணைவிட 1900 கூடுதலாக இருப்பதுதான் சரியான பொருத்தம். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அதைத் தெரிந்துகொள்ளாமல் அல்லது தெரிந்துகொண்டே அந்த மனிதர் உங்கள் அம்மாவின் முன் பேசியிருக்கிறார்.

எந்த எண் எஞ்சின் எந்த எண் சேசிஸில் பூட்டி எந்த மாதம் அனுப்பப்பட்டது என்பதற்கும் பதிவு உண்டு. இங்கிலாந்தில் 1946இல் தொடங்கப்பட்ட விண்டேஜ் மோட்டார்சைக்கிள் சங்கம் பழைய தொழிற்சாலைப் பதிவேடுகளைப் பாதுகாத்து வைத்திருக்கிறது. இரண்டு எண்களையும் எழுதிக் கேளுங்கள்.

வேகமானி பழுதில்லை. அது ஸ்மித்ஸ் நிறுவனத்தின் குரோனோமெட்ரிக் வகையாக இருக்கும். உள்ளே கடிகாரம்போல் பற்சக்கரங்கள் ஓடி, சிறு இடைவெளிக்கு ஒருமுறை வேகத்தை அளந்து முள்ளை நகர்த்தும். அதனால் முள் துள்ளித்தான் ஏறும், துள்ளித்தான் இறங்கும். அந்தத் துள்ளலுக்காகவே விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

டேங்க் வண்ணத்தைத் தொடவே தொடாதீர்கள். வண்டியைப் புதிதாகச் செய்ய எத்தனை முறை வேண்டுமானாலும் முடியும். 1957இல் பூசிய வண்ணம் ஒருமுறை போனால் போனதுதான். மெல்லிய துணியால் தூசியை மட்டும் தட்டுங்கள். அப்பா வாங்கியபோது எழுதிய ரசீது ஏதாவது இருக்கிறதா?

புக்கிட்பாத்தோக்_ரைடர்

ஐயாவிடம் மரியாதையோடு மாறுபடுகிறேன். இங்கிலாந்தில் குளிர்ந்த கொட்டகையில் கிடந்த வண்டியை அப்படியே வைத்திருக்கலாம். நம் ஊர் ஈரக்காற்றில் வண்ணம் உரிந்த இடமெல்லாம் துரு இறங்கும். டேங்கின் உட்பக்கம் செதில் செதிலாகப் பெயர்ந்து கார்புரேட்டரை அடைக்கும். நான் ஒரு டிரையம்ஃப் வண்டியைப் 'பழமை மாறாமல்' வைத்திருக்கிறேன் என்று ஐந்து ஆண்டுகள் விட்டுவைத்து, கடைசியில் மட்கார்டில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை விழுந்தது. வாங்குபவர்களும் பளபளப்பைத்தான் முதலில் பார்க்கிறார்கள். முழுமையாகச் சீரமைத்த வண்டி சீக்கிரம் விற்கும்.

பழைய_பட்டறைக்காரன்

ஈரத்தைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. அதை நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அப்படியே வைத்திருப்பது என்றால் கவனிக்காமல் விடுவது ஆகாது. உரிந்த இடத்தில் மெல்லிய மெழுகுப் பூச்சு, டேங்கின் உள்ளே துரு நீக்கம், எஞ்சினுக்குப் புதிய எண்ணெய் எல்லாம் தேவை. டயர், பிரேக் லைனிங், கேபிள் ஆகியவற்றைக் கட்டாயம் மாற்ற வேண்டும், ஏனென்றால் அவற்றில்தான் ஓட்டுபவரின் உயிர் இருக்கிறது. கழற்றிய பழைய பாகங்களை மட்டும் ஒரு பெட்டியில் போட்டு வண்டியோடு கொடுங்கள். முன்பெல்லாம் சுங்கை ரோடு சந்தையில் தரையில் விரித்த கித்தானில் ஒரு பழைய அமல் கார்புரேட்டர் கிடைக்குமா என்று வாரக்கணக்கில் குனிந்து தேடுவேன். 2017இல் அந்தச் சந்தையும் மூடப்பட்டது. இன்று அசல் பாகத்தைத் தூக்கிப் போடுபவர், அதைத் திரும்ப வாங்க வெளிநாட்டுக்கு எழுத வேண்டியிருக்கும்.

பளபளப்பு சீக்கிரம் விற்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரிடம் விற்கும்? அரிய வண்டி தேடுபவர் முதலில் பார்ப்பது தொழிற்சாலை விட்டுச்சென்ற அடையாளத்தை. 1969இல் வந்த ஹோண்டா சிபி750 வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் 7,414 எஞ்சின்களின் வெளிக்கூடு சற்றுச் சொரசொரப்பான வார்ப்பாக இருந்தது. பிறகு வந்தவை வழவழப்பானவை. ஓட்டத்தில் பெரிய வேறுபாடு இல்லை. அந்தச் சொரசொரப்புக்காகத்தான் பலமடங்கு விலை தருகிறார்கள். அதை யாராவது தேய்த்து மெருகேற்றினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அப்பாவின்_பிஎஸ்ஏ

ஐயா, உங்கள் முதல் வரியை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவர் எதுவும் சொல்லாமல் எழுந்துபோய், அலமாரியின் அடித்தட்டிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டியை எடுத்து வந்தார். எட்டாக மடித்த ஒரு தாள் அதில் இருந்தது. நீல மையில் ஆங்கிலத்தில் எழுதிய விற்பனை ரசீது: வண்டியின் இரண்டு எண்களும், தொகையும், 1971 செப்டம்பர் மாதத் தேதியும் இருக்கின்றன. நேற்று மாலை டார்ச்சோடு கீழே போய் ஒப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு எண்களும் அப்படியே இருக்கின்றன. ரசீதுக்கு அடியில் அப்பாவின் இரண்டு ஸ்பேனர்களும் எண்ணெய்த் துணியில் சுற்றியபடி இருந்தன.

பழைய_பட்டறைக்காரன்

அந்த ரசீதைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள், ஒட்டுநாடா போடாதீர்கள். ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒரே குடும்பம், இடையில் ஒரே ஒரு கைமாற்றம், அதற்கும் கையெழுத்து ஆதாரம். வியாபாரி சொன்ன தொகையை மறந்துவிடுங்கள். இங்கிலாந்திலிருந்து பதில் வந்தபிறகு விலை பேசலாம். ஸ்பேனர்களையும் வண்டியோடு கொடுங்கள், அம்மாவுக்கு மனமிருந்தால்.

ஈசூன்_புல்லட்

தாமதமாக எழுதுவதற்கு மன்னிக்கவும். சனிக்கிழமை காலை சுங்கை காடுட்டில் உள்ள ஒரு கிடங்கில் அந்தப் புல்லட்டைப் பார்த்தேன். ஒன்பது மணிக்கு வரச்சொன்னார். நான் எட்டரைக்கே போய்விட்டேன். வணக்கம் சொல்லிக்கொண்டே சிலிண்டரின் அருகில் கையைக் கொண்டுபோனேன். சூடு தெரிந்தது. இடம் மாற்றி நிறுத்துவதற்காக இப்போதுதான் கிளப்பினேன் என்றார். நட்டுகளில் பாதி புதியவை, மீதி உருண்டிருந்தன. எஞ்சின் எண்ணைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பார்த்தபோது, அந்தச் சிறு பரப்பில் மட்டும் உப்புத்தாள் தேய்த்ததுபோல் மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடின. சுற்றிலும் உள்ள வார்ப்பு சாம்பல் நிறத்தில் மங்கியிருந்தது. படம் எடுக்கலாமா என்று கேட்டேன். வாங்க முடிவு செய்தபிறகு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். ஐயாவின் குறிப்புகள் இல்லையென்றால் அந்த டைகர் லேம்ப்களைப் பார்த்த மாத்திரத்திலேயே முன்பணம் கொடுத்திருப்பேன்.

ஐயா, இன்னொன்று கேட்க வேண்டும். நான் தேடி வந்தது புல்லட். ஆனால் மூன்று நாள்களாக அந்த பி31 வண்டியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அதுவும் 350 வகைதானே, என் 2ஏ உரிமத்துக்குள் வருமா?

பழைய_பட்டறைக்காரன்

348 சிசி. தாராளமாக வரும். ஆனால் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில். உங்கள் தந்தையின் புல்லட்டும் அப்படித்தான் இருந்திருக்கும். நீங்கள் இங்கே பழகிய வண்டிகள் நேர்மாறு. அவசரத்தில் மிதிக்கும் கால் பழைய பழக்கத்துக்குத்தான் போகும். முதல் சில நாள்கள் ஆளில்லாத இடத்தில் மட்டும் ஓட்டுங்கள்.

ஈசூன்_புல்லட்

அக்கா, இங்கிலாந்திலிருந்து பதில் வரும்வரை நான் காத்திருக்கிறேன். விலையைப் பட்டறைக்கார ஐயாவே சொல்லட்டும், நான் பேரம் பேச மாட்டேன். டேங்கின் வண்ணத்தைத் தொடமாட்டேன் என்று எழுதிக் கொடுக்கவும் தயார். அதற்கு முன் ஒருமுறை வந்து பார்க்க அனுமதிப்பீர்களா?

அப்பாவின்_பிஎஸ்ஏ

அம்மாவிடம் கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள். ஐயாவையும் அழைத்து வாருங்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கும். அப்பா போனபிறகு அதை யாரும் உதைக்கவில்லை. அந்தச் சத்தத்தை ஒருமுறை கேட்க வேண்டும் என்று அம்மா சொல்கிறார்.